நாயோடு காட்டுப் பக்கம்: வடசென்னையிலிருந்து சில கேள்விகள்

லீவு நாளில் நாயையும் வெளியே கூட்டிப்போக நினைக்கும் நம்ம ஏரியா நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

அண்ணா, கிண்டி தேசியப் பூங்காவுக்கும் வண்டலூருக்கும் எங்க லேப்ரடார் நாயைக் கூட்டிப் போகலாமா? (ராயபுரம்)

கூடாது தம்பி. பைக்குள் வைத்துத் தூக்கிப்போகும் குட்டிக்கும் இதே பதில்தான். நாய் மானைத் துரத்தும் என்பது பாதிக் காரணம். மீதி, நோய். 1994-இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் டிஸ்டெம்பர் வைரஸால் செத்தன. 2018-இல் நம்ம கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் போனபோதும் அதே வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அது நாய்களிடம் சாதாரணமாகப் பரவும் நோய். வெறிநாய்க்கடி ஊசியோடு இதற்கான ஊசியையும் வருடம் தவறாமல் போடுங்கள்.

அப்போ எங்கதான் போறது? (கொருக்குப்பேட்டை)

பழவேற்காடு போகலாம். ஆனால் ஊர்ப் பக்கச் சாலையோரம் மட்டும்; சரணாலய எல்லைக்குள் இறங்க வேண்டாம். பனிக்காலத்தில் பூநாரையும் வலசைப் பறவைகளும் அங்கே இரை தேடும். நாய் ஒரு தடவை குரைத்துக்கொண்டு ஓடினால் கூட்டமே எழும்பிவிடும். நீண்ட பயணத்துக்காகச் சேர்த்து வைக்கும் கொழுப்பு அப்படித்தான் வீணாகிறது. வனத்துறை ஆள் வேண்டாம் என்றால், வாதாடாமல் திரும்பி வாருங்கள்.

எங்க சிப்பிப்பாறை கூப்பிட்டா ஓடி வந்துடும். அதுக்கும் கயிறு தேவையா? (வியாசர்பாடி)

அதுக்குத்தான் ரொம்பத் தேவை. கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை இனம் அது. முயல் ஓடுவதைப் பார்த்துவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. அடுத்து, சிறுத்தை. நாய் அதற்குப் பிடித்த இரை. யானை இருக்கும் மலைக்காட்டில் ஆபத்து உங்களுக்கும்தான்: நாய் யானையைப் பார்த்துக் குரைக்கும், யானை துரத்தும், பயந்த நாய் நேராக உங்களிடம் ஓடிவரும், பின்னாலேயே யானையும் வரும். அப்படிப்பட்ட காட்டுக்கு நாயே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. மற்ற இடங்களில் ஆறடிக் கயிறு போதும். இழுக்க இழுக்க நீளும் கயிறு புதரில் சிக்கிக்கொள்ளும், அதை வாங்காதீர்கள்.

ராத்திரி பீச்சுல நாயோட நடக்கிறோம். அதுல என்ன இருக்கு? (காசிமேடு)

அக்கா, ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம்ம கரையில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இருக்கும். குஞ்சு வர 45 முதல் 60 நாள் ஆகும். நாய் மோப்பம் பிடித்துத் தோண்டினால் எல்லாம் போச்சு. அந்த மாதங்களில் கயிற்றைக் கையிலேயே பிடித்திருங்கள். ஓரிடத்தில் மண்ணைப் பறித்தால் இழுத்துக்கொண்டு நகர்ந்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். டார்ச் அடித்து ஆமையைப் பார்ப்பதும் வேண்டாம்.

வெயில்ல நாய் தாங்குமா சார்? (எண்ணூர்)

காலை எட்டு மணிக்குள் நடந்து முடித்துவிடுங்கள். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். எச்சில் ஒழுகி, ஈறு சிவந்து, தள்ளாடினால் நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், உடனே மருத்துவமனைக்குத் தூக்குங்கள். நமக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முகத்துவாரத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுபோங்கள்.

பாம்பு கடிச்சா? (மணலி)

கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டினா போதுமா? (பெரம்பூர்)

போதாது. காது மடல், அக்குள், கால்விரல் இடுக்கு எல்லாம் விரலால் தடவி உண்ணி பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், கையால் நசுக்க வேண்டாம். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் சாப்பிடாமல் சோர்ந்து படுத்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ, உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.