நெல்லையில் இரண்டு ராத்திரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

"குற்றாலம் போகிறவர்கள் போகிற வழியில் திருநெல்வேலியிலும் தங்கிவிட்டுப் போங்கள்" என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கன்னியாகுமரி, திருச்செந்தூர், குற்றாலம் என்று எங்கே போனாலும் திருநெல்வேலியில் பஸ் மாறுவோம். அல்வா வாங்குவோம், கிளம்புவோம். தங்கிப் பார்க்கும்படி அங்கே அப்படி என்ன இருக்கிறது? (வாசகி, ஈரோடு)

நீங்கள் நெல்லையைப் பார்த்த நேரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அநேகமாகப் பகல் பதினொரு மணி, வெயில், பேருந்து நிலையம். நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள். அந்த நேரத்தில் எங்கள் ஊர்க்காரர்களே வெளியே வர மாட்டார்கள். இந்த ஊருக்கு இரண்டு நல்ல நேரங்கள். ஒன்று விடியற்காலை, இன்னொன்று விளக்கு வைத்த பிறகு. பஸ் மாறிப் போகிறவர்களுக்கு இரண்டுமே கிடைப்பதில்லை. அதனால்தான் இரண்டு ராத்திரி தங்கச் சொல்கிறேன்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் குறுக்குத்துறைக்குப் போங்கள். டவுனிலிருந்து ஆட்டோவில் சிறிது நேரம்தான். தாமிரபரணியின் நடுவிலேயே முருகன் கோயில் இருக்கிறது. வருகிற வெள்ளம் இரண்டாகப் பிரிந்து போகும்படி அதன் சுவரைப் படகின் முகப்பு மாதிரி கட்டியிருக்கிறார்கள். பெருவெள்ளத்தில் கோயிலே முழுகிப்போகும். அதற்குள் உற்சவரைக் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டு போய்விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் மண்ணை அள்ளிப்போட்டு, கழுவிவிட்டு, மறுபடி பூஜையை ஆரம்பித்துவிடுவார்கள். கோயிலைச் சுற்றிப் பாறைகளும் கல் மண்டபங்களும் கிடக்கின்றன. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் ஆறு இது, தமிழ்நாட்டுக்குள்ளேயே தொடங்கி முடிகிறது. இரண்டு பருவமழையும் இதற்குத் தண்ணீர் கொடுக்கின்றன. அந்தப் படித்துறையில் காலை நனைத்தபடி அரை மணி நேரம் உட்காருங்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலெல்லாம் அப்புறம்.

எழுபது வயது தாண்டிய அம்மாவை நெல்லையப்பர் கோயிலுக்கு அழைத்துப் போக ஆசை. நடக்க முடியுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

முடியும், ஆனால் அவசரப்படக் கூடாது. சுவாமிக்கு ஒரு கோயில், காந்திமதி அம்மனுக்கு ஒரு கோயில். இரண்டையும் இணைக்கும் நீண்ட சங்கிலி மண்டபத்தை 1647-இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டினார். ஒரே நடையில் இரண்டு சந்நிதியையும் முடிக்கப் பார்த்தால் அம்மாவுக்குக் கால் வலிக்கும். காலையில் அம்மனைப் பார்த்துவிட்டுச் சங்கிலி மண்டபத்தில் உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டுப் போங்கள். நிழலும் காற்றும் அங்கே தாராளம். இல்லையென்றால் சுவாமியை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், வெளிப் பிராகாரக் கல்லும் கொதிக்கும்.

சுவாமி கோயிலில் இசைத் தூண்களைத் தவற விடாதீர்கள். நடுவில் பெரிய தூண், சுற்றிலும் மெல்லிய சிறு தூண்கள், எல்லாம் ஒரே கல்லில் குடைந்தவை. விரல் கணுவால் தட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஒலி. காசாலோ சாவியாலோ தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நடராஜருக்கு உரிய ஐந்து சபைகளில் தாமிர சபை இங்கேதான் இருக்கிறது. அதன் மரச் சிற்பங்களைப் பலரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அம்மாவை அங்கே ஓரமாக உட்கார வைத்துவிட்டு நீங்கள் நிதானமாகப் பாருங்கள்.

இருட்டுக்கடை அல்வாவுக்கு வரிசையில் நிற்கத்தான் வேண்டுமா? நம் ஊரிலேயே 'திருநெல்வேலி அல்வா' கிடைக்கிறதே! (வாசகி, திருச்சி)

நில்லுங்கள். கீழ ரத வீதியில் கோயிலுக்கு எதிரே இருக்கும் அந்தக் கடையை மாலையில்தான் திறப்பார்கள், கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். வீட்டுக்குப் பொட்டலம் வாங்குவது இருக்கட்டும், முதலில் கொஞ்சம் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள். இலைத் துண்டில் சூடாக வைத்துத் தருவார்கள். இலை ஓரத்தில் நெய் பிரிந்து நிற்கும். சர்க்கரைக்கு முன்னால் கோதுமையின் மணம்தான் வரும். நாக்கில் வைத்தால் கடிக்க வேண்டியதில்லை, தானாக வழுக்கிக்கொண்டு போகும். ஆறிப்போய் டப்பாவில் வந்ததைச் சாப்பிட்டுவிட்டு 'இதுதானா?' என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, புளிக்க வைப்பார்கள். மேலே தெளியும் தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய பாலைச் சர்க்கரையோடு சேர்த்து நெய் பிரியும் வரை கிண்ட வேண்டும். கை ஓய்ந்தால் அடிபிடித்துவிடும். ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் எல்லோரும் சொல்வோம், நானும் அந்தக் கட்சிதான்.

அல்வா தவிர? (வாசகர், ஓசூர்)

சொதி! எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்துக் குழம்பு. தேங்காயை மூன்று பாலாகப் பிழிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் வேகும். அப்புறம் வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேரும். கெட்டியான முதல் பாலை ஊற்றியதும் அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சம்பழத்தைக் கடைசியாகப் பிழிவோம். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி கட்டாயம் வேண்டும். தேங்காய்ப் பாலின் கனத்துக்கு இஞ்சிதான் மருந்து. இது வீட்டுச் சமையல் என்பதால் எல்லா ஓட்டலிலும் கிடைக்காது. தங்கும் விடுதியில் காலையிலேயே "அண்ணாச்சி, சொதிச் சாப்பாடு எங்க கிடைக்கும்?" என்று கேட்டு வையுங்கள். சாப்பிட்டு முடித்துவிட்டுத் தூங்குங்கள். நெல்லையில் மதியத்துக்கு வேறு திட்டம் போடாதீர்கள்.

எனக்குக் கோயிலைவிட வரலாற்றில் ஆர்வம் அதிகம். கல்லூரி விடுமுறையில் தனியாக வருகிறேன். எங்கே நடக்கலாம்? (மாணவர், தஞ்சாவூர்)

சுலோசன முதலியார் பாலத்திலிருந்து நடக்கத் தொடங்குங்கள். 1843-இல் திறந்த பாலம். அதுவரை நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றைக் கடக்கப் படகுதான். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக, வேலை பார்த்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலத்தைக் கட்டிக்கொடுத்தார். அந்த மனுஷன் பெயர் இன்றைக்கும் ஊர் வாயில் இருக்கிறது. பாலத்தின் மேல் நின்றால் வாகன இரைச்சல் மட்டும்தான். கொக்கிரகுளம் பக்கம் ஆற்றங்கரைக்கு இறங்கி அங்கிருந்து பாருங்கள், பழைய கல் வளைவுகள் வரிசையாகத் தெரியும். ஜங்ஷனில் 1973-இல் கட்டிய ஈரடுக்கு மேம்பாலத்தையும் ஒரு தடவை நடந்து கடந்துவிடுங்கள்.

பாலம் தாண்டினால் பாளை. எங்கள் ஊரைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். தூய யோவான் கல்லூரி, தூய சவேரியார் கல்லூரி, பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி, காது கேளாதோர் பள்ளி, பார்வையற்றோர் பள்ளி என்று நடக்கிற தூரத்தில் அத்தனை வளாகங்கள். காலை எட்டரை மணிக்குத் தெருவில் நின்றால் ஊரே சீருடையில் போவது போலிருக்கும். 1785-இல் பிரதிஷ்டை செய்த குளோரிந்தா கோயில் என்கிற கிறிஸ்தவ ஆலயத்தைக் கேட்டுப் போங்கள். குளோரிந்தா தஞ்சாவூரிலிருந்து வந்தவர், அதனால் உங்கள் ஊர்த் தொடர்பும் இருக்கிறது. கணவரை இழந்த ஒரு பெண் அந்தக் காலத்தில் இங்கே முன்னின்று கட்டிய சிறு கோயில் அது. ஊரார் ஊசிக்கோபுரம் என்று சொல்லும் பேராலயம் அதற்குப் பின்னால் வந்தது, 1826-இல். அதன் கூர்மையான கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும்.

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் சிறையிலிருந்து தப்பியது இந்தப் பாளையங்கோட்டையில்தான். கோட்டை பெரும்பாலும் போய்விட்டது. மிச்சம் நிற்கும் பழைய வாசல் ஒன்றில் காவல் நிலையம் நடந்தது, 'மேடை போலீஸ் ஸ்டேஷன்' என்றால் வழி சொல்வார்கள்.

குழந்தைகளோடு ஒரு நாள் வெளியே போய்விட்டு ராத்திரிக்குள் திரும்ப வேண்டும். எங்கே போகலாம்? (வாசகி, சென்னை)

திருச்செந்தூர் சாலையைப் பிடியுங்கள். முதலில் கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயில். குறவன், குறத்தி, கர்ணன், அர்ஜுனன் என்று ஆள் உயரத்துக்கு நாயக்கர் காலச் சிலைகள். விரல் நகம், கை நரம்பு, கழுத்து மணி ஒவ்வொன்றாகக் குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் போவதே தெரியாது. அதே சாலையில் ஆதிச்சநல்லூர். தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடித் தளம் போட்டு, முதுமக்கள் தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே காட்டுகிறார்கள்.

குளிர்காலம் என்றால் இன்னொரு நாள் கூந்தன்குளம் போங்கள். மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டிவாயனும் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு கட்டும். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று அந்த ஊர்க்காரர்கள் பார்த்துப் பார்த்துக் காக்கிறார்கள். அங்கே போய்ப் பட்டாசும் கத்தலும் வேண்டாம். பத்தமடைக்கும் போகலாம், கோரைப் பாயை நெய்கிற வீட்டிலேயே வாங்கலாம். பேரம் பேசுவதற்கு முன் நெய்கிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

எந்த மாதம் வரலாம்? குறைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். (வாசகர், மதுரை)

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சுகம். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். ஜூன், ஜூலையில் குற்றாலத்துச் சாரல் காற்று எங்களுக்கும் கொஞ்சம் வரும், ஆனித் தேரும் அப்போதுதான். வடம் பிடித்துக் கையாலேயே இழுக்கிற அந்தப் பெரிய தேரைப் பார்க்க வேண்டுமானால் அறையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். தசராவில் விஜயதசமி ராத்திரி பாளையில் சப்பரங்கள் ஒன்றாகக் கூடும், அன்றைக்குத் தூக்கத்தை மறந்துவிடலாம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

குறை என்றால் எனக்கு ஆற்றைப் பற்றித்தான். நகரத்துக்குள் சாக்கடை கலக்கிற இடங்கள் இருக்கின்றன. அதனால் குளிப்பதற்குமுன் அந்த வட்டாரத்து ஆட்களிடம் ஆழத்தையும் சுத்தத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள், அந்தத் துணி பாறைகளில் சிக்கி அழுகுகிறது. ஷாம்பு உறையும் சோப்பு டப்பாவும் படித்துறையில் கிடக்கின்றன. வருகிற நீங்கள் ஒரு பையில் ஈரத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனால் போதும், எங்கள் ஊருக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேண்டாம்.