மெத்தையைச் சுருட்டினால்தான் அடுப்பு

கேள்வி: பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடமைப்புத் தாமானில் இருக்கிறோம். என் கணவர் பழைய டொயோட்டா ஹையேஸ் வேன் ஒன்றை வாங்கி, இரண்டாம் வரிசை இருக்கையை மட்டும் விட்டுவிட்டு, பின்னால் பலகைக் கட்டிலும் அலமாரியும் அடித்திருக்கிறார். பங்குனி உத்திரத்துக்கு மாரான் முருகன் கோயிலுக்குப் போவோம். பள்ளி விடுமுறையில் தெலுக் பாத்தேக் கடற்கரை. இரவில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் வேனில் படுப்பார்கள், நாங்கள் இருவரும் கூடாரத்தில். கட்டிலுக்கு அடியில் இருப்பதை எடுக்க ஒவ்வொரு தடவையும் மெத்தையைச் சுருட்ட வேண்டியிருக்கிறது. இடமே போதவில்லை. கூரைமேல் பெட்டி பொருத்தலாம் என்கிறார் கணவர். மாமியாரோ தன் சட்டிப் பானை இல்லாமல் கிளம்பவே மாட்டார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, கூரைப் பெட்டியை இப்போதைக்கு வாங்காதீர்கள். மெத்தையைச் சுருட்டும் தொல்லையைச் சொல்கிறீர்களே, முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான். கட்டிலுக்கு அடியில் நல்ல இடம் இருக்கிறது, ஆனால் கை போக வழியில்லாமல் கிடக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் உள்ள எல்லாவற்றையும் வாசலில் பாய் விரித்து இறக்கி வையுங்கள். வழக்கமாக நாம் வகைப்படி பிரிப்போம்: சமையல் சாமான் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம், பூசை சாமான் ஒரு பக்கம். வேனுக்கு அது ஒத்துவராது. எப்போது கை தேடும் என்பதை வைத்துப் பிரியுங்கள். ஓடும்போதே வேண்டியவை, நிறுத்தியதும் வேண்டியவை, படுக்கும்போது வேண்டியவை, ஏதாவது ஆனால் மட்டும் வேண்டியவை. தேத்தண்ணி பிளாஸ்கும் பிள்ளைகளின் மாற்றுத்துணியும் பக்கத்துப் பக்கத்தில் வரும். பார்க்க விநோதமாக இருந்தாலும் வழியில் உங்களுக்கு அதுதான் உதவும். போன இரண்டு பயணத்தில் யாரும் தொடாத சாமானை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முதலுதவிப் பெட்டி, ஜேக், டார்ச்லைட் மட்டும் விதிவிலக்கு.

அடுத்தது கட்டில். மேல்பலகையைத் திறக்கும் மூடி வேண்டாம், பின்கதவுப் பக்கம் வாய் திறந்திருக்கட்டும். கட்டிலின் நீளவாக்கில் நடுவில் ஒரு பலகையை நிறுத்தி இரண்டு பாதையாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஹார்ட்வேர் கடையில் முழுதாக வெளியே வரும் கனரக டிராயர் ரெயில் கிடைக்கும், ஆனால் நீளமானதற்கு விலை அதிகம். அந்தச் செலவு இல்லாமலும் முடியும். தரையில் வழவழப்பான விரிப்பை ஒட்டி, அடிப்பாகம் தட்டையான பிளாஸ்டிக் பெட்டிகளை வையுங்கள். முன்பக்கம் ஒரு கயிற்றுப்பிடி கட்டிவிட்டால் பிள்ளைகூட இழுக்கலாம். பின்கதவுக்கு அருகில் இருக்கும் பெட்டியில் அடுப்பு, வாணலி, தேநீர்ச் சாமான். பின்கதவைத் தூக்கினால் அதுவே மழைக்குக் கூரை. மாமியார் நின்றபடியே சமைக்கலாம், உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஆழத்தில் இருக்கும் பெட்டிகளுக்கு இருக்கைப் பக்கம் ஒரு சின்னக் கதவு போதும்.

மாமியாரின் சட்டிப் பானையை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மாரானில் அவர் கையால் பொங்கி இறக்கும் சோற்றுக்குத்தானே எல்லாரும் காத்திருக்கிறீர்கள்! ஒரு பெட்டியை அவருக்கென்றே கொடுத்து, இதில் அடங்குவது எல்லாம் உங்கள் விருப்பம் அம்மா என்று சொல்லிவிடுங்கள். ஒன்றுக்குள் ஒன்று போகும் கைப்பிடி இல்லாத அலுமினியச் சட்டிகள் மூன்று, பிடிக்க ஒரு இடுக்கி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே மூடி. உள் சட்டியின் வயிறு சும்மா இருக்க வேண்டாம், வெங்காயம், பூண்டு, நெத்திலிப் பொட்டலம் எல்லாம் அதற்குள் போகும். சட்டிகளுக்கு இடையே துவாலையை வைத்தால் கடகடவென்ற சத்தமும் இருக்காது. மசாலாவை வீட்டிலேயே அரைத்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக உறைய வைத்தால் அம்மியின் பேச்சே வராது. துணிகளைப் பெட்டியில் அடுக்காமல் தலையணை உறைக்குள் திணியுங்கள், ஆளுக்கு ஒன்று.

நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். மெத்தைக்குக் கீழே உள்ள பலகையில் வரிசையாகத் துளை போடச் சொல்லுங்கள். கடற்கரையில் நனைந்த துணி எந்த அலமாரிக்குள்ளும் போகக் கூடாது. அதற்கு மட்டும் பின்கதவு ஓரம் மூடியுள்ள ஒரு வாளி.

கேஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வீட்டில் பயன்படுத்தும் 14 கிலோ கேஸ் தோங்கை (சிலிண்டரை) வேனுக்குள் ஏற்ற வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கட்டிலுக்கு அடியில் போய்த் தேங்கும். சின்ன கேஸ் டப்பா பொருத்தும் அடுப்பு போதும். அந்த டப்பாவையும் வெயிலில் நிற்கும் மூடிய வேனில் விட்டுப் போகாதீர்கள். கதவை மூடி உள்ளே சமைக்கவும் கூடாது.

பாரமானவை தரையோடு, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 60 லிட்டர் நிரப்பினால் ஒரு ஆளைக் கூடுதலாக ஏற்றிய மாதிரி. மாரான் வரைக்கும் சுமக்காமல், போன இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். அலமாரிக் கதவுகளுக்குக் காந்தம் போதாது, அழுத்திப் பூட்டும் கொக்கி போடுங்கள். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறினால் முதல் சில வளைவிலேயே அதன் அருமை தெரியும். ஓடும்போது யாரும் கட்டிலில் இருக்கக் கூடாது, ஐந்து பேருக்கும் பெல்ட் உள்ள இருக்கை வேண்டும். இருக்கையைக் கழற்றியதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று கணவரிடம் கேளுங்கள்.

கூரைப் பெட்டி வைத்தால் பாரம் மேலே ஏறி வண்டி வளைவில் ஆடும், எண்ணெய்ச் செலவும் கூடும். பல மாடி நிறுத்துமிடங்களின் வாசலில் இருக்கும் உயரக் கம்பியும் தடுக்கும். அப்படியும் அவர் ஆசைப்பட்டால், முதலில் எல்லாரும் ஏறி, சாமானும் ஏற்றி, பக்கத்துச் செம்பனை ஆலையின் எடைமேடையில் அனுமதி கேட்டு ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். வண்டிக்கு அனுமதித்த மொத்த எடைக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரிந்த பிறகு பேசலாம். அதுவும் போர்வை, கூடாரம் மாதிரி இலேசானவற்றுக்கு மட்டும்.

பங்குனி உத்திரம் வரை காத்திருக்காமல், அடுத்த சனிக்கிழமை தெலுக் பாத்தேக்கில் ஒரு இரவு தங்கிப் பாருங்கள். எந்தப் பெட்டியை நகர்த்திவிட்டு எதை எடுத்தீர்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டால் போதும், அந்த இரண்டையும் இடம் மாற்றிவிட்டு மாரானுக்குக் கிளம்பலாம்.