முதல் சைக்கிளை இன்றைய கால் அளவுக்கே வாங்குங்கள்

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது முடிகிறது. உயரம் 106 செ.மீ. முதல் சைக்கிள் வாங்கப் போகிறோம். 20 இன்ச்சாக எடுத்துவிட்டால் நாலைந்து வருஷம் ஓட்டலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். சைடு வீல் இருந்தால்தான் பாதுகாப்பு என்கிறார் கடைக்காரர். ஹெல்மெட், முழங்கால் பேடு எல்லாம் ஒரே செட்டாகவும் தருகிறார். உறவுக்காரப் பையன் போட்ட பழைய ஹெல்மெட் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. இவளுக்கு இரண்டரை வயதில் ஒரு தம்பி. அக்காவிடம் எது இருந்தாலும் அவனுக்கும் வேண்டும். எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

பதில்: 20 இன்ச் வேண்டாம். வளர்கிற பிள்ளைதானே என்று சட்டையை ஒரு அளவு பெரிதாக எடுத்தால் கையை மடித்து விட்டுக்கொள்ளலாம். சைக்கிளில் அப்படி மடித்து விட எதுவும் இல்லை. கால் தரையில் எட்டாத குழந்தைக்கு, சாய்ந்தால் ஊன்றிக்கொள்ளலாம் என்ற தைரியமே வராது. உடம்பு விறைத்துப்போகும், பார்வை ரோட்டை விட்டுத் தரையில் நிற்கும், கை பிரேக்கை மறந்துவிடும். அப்படி இரண்டு தடவை விழுந்துவிட்டால், அதன் பிறகு சைக்கிள் பக்கமே போக மாட்டாள். அவள் வளர்ந்து கால் எட்டும்போது அந்தப் பயமும் கூடவே வளர்ந்திருக்கும். இன்றைக்கு அவளுக்குச் சரியாக இருக்கிற சைக்கிள்தான் பாதுகாப்பானது.

16 இன்ச்சா, 14 இன்ச்சா என்பதை வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த இன்ச் கணக்கு சக்கரத்தின் அளவைத்தான் சொல்கிறது, சீட் எவ்வளவு உயரம் என்பதைச் சொல்வதில்லை. வெவ்வேறு கம்பெனிகளின் 16 இன்ச் சைக்கிள்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், சீட் உயரத்தில் சில செ.மீ. வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். அதனால் கடைக்குப் போவதற்கு முன் உட்கால் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். மகளை வெறுங்காலோடு சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில், முதுகுப்பக்கம் சுவரைத் தொடும்படி வைத்து, லேசாக அழுத்தம் படும்வரை மேலே ஏற்றி, அதன் மேல் விளிம்பைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளந்தால் போதும். 106 செ.மீ. உயரக் குழந்தைக்கு இது 45 செ.மீ. சுற்றுவட்டத்தில் இருக்கலாம், ஆனால் குழந்தைக்குக் குழந்தை மாறும். கட்டாயம் அளந்து பாருங்கள்.

கடையில் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கச் சொல்லி, தரையிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை டேப் பிடியுங்கள். அது உட்கால் அளவுக்குச் சமமாகவோ கொஞ்சம் குறைவாகவோ இருந்தால் அந்தச் சைக்கிளை எடுக்கலாம். அப்புறம் மகளை உட்கார வையுங்கள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிய வேண்டும். சீட்டுக்கு முன்னால் இறங்கி நின்றால், நடுக் கம்பிக்கும் அவளுக்கும் இடையில் இரண்டு மூன்று செ.மீ. இடைவெளியாவது வேண்டும். ஒரு பெடல் மேலே வரும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தால் சைக்கிள் சின்னது. பேலன்ஸும் பிரேக்கும் கைவந்த பிறகு, முன்பாதம் மட்டும் தரையில் படும் அளவுக்குச் சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சீட் தண்டில் ஒரு கோடு போட்டிருக்கும். அது வெளியே தெரியும்படி ஏற்றக் கூடாது. தண்டு உள்ளே போதுமான நீளம் இல்லாமல் போய் ஒடிய வாய்ப்பு உண்டு.

அடுத்து எடை. பெரும்பாலான பெற்றோர் இதைக் கேட்பதே இல்லை. இந்த உயரத்தில் ஒரு குழந்தை சுமார் 17 கிலோ இருக்கும். அவளுக்கு 8, 9 கிலோ சைக்கிள் கொடுப்பது, 70 கிலோ ஆளுக்கு 35 கிலோ சைக்கிள் கொடுப்பதற்குச் சமம். குழந்தையின் எடையில் 40 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது. முன்பக்க ஷாக் அப்சார்பர், பருத்த டயர், கேரியர், கூடை எல்லாம் எடையைத்தான் கூட்டும். ஐந்து வயதுக் குழந்தையின் பாரத்துக்கு அந்த ஸ்பிரிங் அமுங்குவதே அபூர்வம். கியரும் இப்போது தேவையில்லை, 20 இன்ச் வரும்போது யோசித்துக்கொள்ளலாம்.

அதில் மிச்சமாகும் பணத்தை நல்ல பிரேக் உள்ள சைக்கிளுக்குக் கொடுங்கள். உள்ளங்கை பிடியை விட்டு நகராமல், அவள் விரல்கள் பிரேக் லீவரைச் சுற்றி மடங்குகின்றனவா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால், பல லீவர்களில் அதைக் கைப்பக்கம் நெருக்க ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், கடையிலேயே திருப்பித் தரச் சொல்லுங்கள். அப்புறம் சைக்கிளை நீங்கள் தள்ள, அவள் பக்கத்தில் நடந்தபடி பிரேக்கைப் பிடிக்கட்டும். சக்கரம் நிற்க வேண்டும். அழுத்தும்போது பிளாஸ்டிக் லீவரே வளைகிறது, சக்கரம் மட்டும் நிற்காமல் ஓடுகிறது என்றால் அந்தச் சைக்கிள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பெடலைப் பின்னால் மிதித்து நிறுத்தும் கால் பிரேக்கும் உண்டு. அமெரிக்காவில் சின்னக் குழந்தைகளின் சைக்கிளுக்குக் கால் பிரேக் கேட்கிறார்கள், பிரிட்டனில் இரண்டு கை பிரேக் கேட்கிறார்கள். இரண்டுமே வேலை செய்யும். விரலுக்கு எட்டுகிற, மெதுவாக அழுத்தினாலே பிடிக்கிற கை பிரேக்தான் என் தேர்வு. கால் பிரேக்கில் பெடலைப் பின்னால் சுற்ற முடியாது. அதனால் கிளம்பும்போது பெடலைத் தோதான இடத்துக்குக் கொண்டுவரப் புதிதாகக் கற்கும் குழந்தை ரொம்பத் திணறும்.

சைடு வீல் விஷயத்தில் கடைக்காரரோடு நான் உடன்படவில்லை. சைக்கிள் என்றால் பேலன்ஸ்தான், பெடல் மிதிப்பதெல்லாம் அதற்கு அடுத்தது. 1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக்காட்டிய முதல் இருசக்கர வண்டியில் பெடலே கிடையாது, காலால் தரையை உந்தித்தான் போனார். பெடல் வந்தது 1860-களில். குழந்தைக்கும் இந்த வரிசைதான் சுலபம். சைடு வீல் இதைத் தலைகீழாக்கிவிடுகிறது. இரண்டு சக்கரத்தில் வளைவில் உள்பக்கம் சாய வேண்டும். சைடு வீல் அந்தச் சாய்வைத் தடுப்பதால், குழந்தை வெளிப்பக்கம் சாய்ந்து திரும்பப் பழகிவிடுகிறது. கழற்றும் நாளில் அந்தப் பழக்கத்தை முதலில் மறக்க வேண்டும். ஆபத்தும் இருக்கிறது. சின்னப் பள்ளத்தின் இரண்டு ஓரத்திலும் சைடு வீல்கள் ஏறி நின்றால், நடுவில் இருக்கும் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும். அந்த நேரத்தில் பின் பிரேக் பிடித்தும் பயன் இல்லை.

அதற்குப் பதிலாக, வாங்கிய சைக்கிளில் சைடு வீலையும் இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர் போதும். வலது பெடல் வழக்கம்போல இடப்பக்கம் சுற்றினால் கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலப்பக்கம் சுற்ற வேண்டும். இது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் இறுக்கிவிட்டு, துரு பிடித்துவிட்டது என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. சுலபமான வழி: ஸ்பேனரின் கைப்பிடியை மேல்நோக்கி நிறுத்தி, பின்சக்கரம் இருக்கும் திசையில் தள்ளுங்கள். எந்தப் பக்கப் பெடலாக இருந்தாலும் இளகும். திரும்பப் பூட்டும்போது முதல் சில சுற்றுகளை விரலாலேயே சுற்றுங்கள், ஸ்பேனர் அப்புறம். மரை கோணலாக ஏறினால் பெடலைத் தாங்கும் கிராங்கே வீணாகிவிடும்.

பெடல் இல்லாத சைக்கிளில் முதலில் உட்கார்ந்தபடி நடப்பாள். பிறகு உந்தி ஓடுவாள். ஒரு நாள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு மிதந்து போவாள். காலை ஊன்றாமல் ஒரு வளைவு திரும்ப முடிந்தால் பெடலை மாட்டலாம். எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போடாதீர்கள், அது அவள் வேகம். பெடல் மாட்டிய பிறகு உதவி தேவைப்பட்டால் ஹேண்டில்பாரைப் பிடிக்காதீர்கள், சீட்டையும் பிடிக்காதீர்கள். அவளுக்குச் சைக்கிளின் சாய்வு தெரியாமல் போய்விடும். பின்னாலிருந்து அக்குளுக்குக் கீழே லேசாகத் தாங்கிக்கொண்டு கூடவே போங்கள்.

இப்போது ஹெல்மெட். உறவுக்காரப் பையனின் பழைய ஹெல்மெட் வேண்டாம். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற நுரை, அடிபடும்போது நசுங்கித்தான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. வெளி ஓடு பளபளப்பாக இருக்கும், உள்ளே விரிசல் ஓடியிருக்கும். எத்தனை முறை கீழே விழுந்தது என்று யாருக்கும் தெரியாத ஹெல்மெட்டை நம்பி ஒரு தலையைக் கொடுக்கக் கூடாது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் கூடாது, குழந்தையின் கழுத்துக்கு அந்தக் கனம் ஆகாது.

புருவத்துக்கு ஒரு விரல் மேலே, பின்மண்டை துருத்தியிருக்கும் இடத்தைச் சேர்த்து, டேப்பால் தலையைச் சுற்றி அளந்து, அந்தச் செ.மீ. கணக்கில் வாங்குங்கள். உள்ளே ஐரோப்பாவின் ஈ.என். 1078 அல்லது அமெரிக்காவின் சி.பி.எஸ்.சி. தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். நெற்றி தெரியும்படி பின்னால் தள்ளிப் போடுவதுதான் அடிக்கடி கண்ணில் படும் தவறு. முன்னால் விழுந்தால் அடிபடுவது அந்த நெற்றிதான். ஹெல்மெட்டின் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில், மட்டமாக நிற்க வேண்டும். இரண்டு வாரும் காது மடலுக்குக் கீழே சேர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரல் போக வேண்டும். வாயை அகலமாகத் திறக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட் தலையைக் கீழ்நோக்கி லேசாக இழுத்தால் அளவு சரி. உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது, தலைமுடியைக் கழுத்துக்குப் பக்கத்தில் தாழக் கட்டுங்கள்.

இன்னொன்றை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன். சைக்கிளை விட்டு இறங்கி ஊஞ்சல், சறுக்கு, மரம் என்று ஏறப் போனால் ஹெல்மெட்டைக் கழற்றிவிட வேண்டும். ஹெல்மெட் ஏதாவது ஒரு சந்தில் சிக்கிக்கொண்டு உடம்பு தொங்கினால் வார் கழுத்தை இறுக்கிவிடும். உயிருக்கே ஆபத்து.

செட்டில் வரும் மற்றவற்றில் கையுறைக்கு முதலிடம் கொடுப்பேன். விழும் குழந்தை முதலில் கையைத்தான் ஊன்றும். முழங்கால் பேடு மெத்தென்று, முழங்காலை மடக்க விடுவதாக இருந்தால் போடலாம். விறைப்பான பேடு நழுவிக் கணுக்காலுக்கு வந்து பெடலிலேயே மாட்டும். அவள் அதை வேண்டாம் என்றால் நீளக் காற்சட்டையே போதும், சண்டை வேண்டாம். ஹெல்மெட்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காலுக்கு மூடிய ஷூ வேண்டும், செருப்பு கூடாது. ஷூ லேசின் நுனியை உள்ளே செருகிவிடுங்கள். தொங்கும் துப்பட்டா, அகலமான கால்சட்டை வேண்டாம். செயின் முழுவதையும் மூடும் கவர் இருக்கட்டும்.

ஹேண்டில்பாரின் இரண்டு முனையையும் அடிக்கடி பாருங்கள். ரப்பர் பிடியின் நுனி தடித்து, குழாயை முழுசாக மூடியிருக்க வேண்டும். அது கிழிந்து இரும்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். மெதுவாகப் போகும்போது விழுந்தால்கூட ஹேண்டில்பார் திரும்பி முனை வயிற்றில் குத்தும். வெளியே ஒரு சின்ன வட்டத் தழும்புதான் தெரியும், உள்ளே ஈரலிலோ மண்ணீரலிலோ கணையத்திலோ காயம் பட்டிருக்கலாம். வலியும் வாந்தியும் சில மணி நேரம் கழித்துக்கூட வரும். அப்படி வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ‘சைக்கிளில் விழுந்தாள்’ என்று மட்டும் சொல்லாமல், ‘ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியது’ என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

சைக்கிளைப் பூட்டித் தந்ததும் கடையை விட்டு நகராமல் இரண்டு விஷயம் பாருங்கள். முன்சக்கரத்தை உங்கள் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்புங்கள், அது தனியாகத் திரும்பக் கூடாது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும். அவசரத்தில் பின்னோக்கி மாட்டித் தருவதும் நடக்கிறது. டயரில் எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

பழகும் இடம் சமதளமாகவும் வண்டி வராததாகவும் இருக்கட்டும். கார்கள் நிறுத்தும் இடம் காலியாகத் தெரிந்தாலும் வேண்டாம். பின்னால் எடுக்கும் காருக்கு இவ்வளவு உயரக் குழந்தை கண்ணாடியில் தெரியாது. எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறமை இந்த வயதில் இல்லை. பிரேக் நன்றாகப் பிடிக்கிறாள் என்பதற்காக ரோட்டில் விடாதீர்கள்.

தம்பிக்கும் தாராளமாக வாங்கலாம். அவனுக்குப் பெடல் இல்லாத சின்ன பேலன்ஸ் சைக்கிள், மூன்று நாலு கிலோவுக்குள். அவன் உட்கால் அளவைவிட இரண்டு மூன்று செ.மீ. தாழ்வாகச் சீட் இருந்தால், முழங்கால் லேசாக மடங்கி உந்த வசதியாக இருக்கும். இந்த வயதில் கால்தான் பிரேக். ஹெல்மெட் அவனுக்கும் உண்டு, அவன் தலை அளவில் தனியாக. அக்காவின் சைக்கிளில் கேரியர் வந்திருந்தால் முதல் நாளே கழற்றி வைத்துவிடுங்கள். பின்னால் உட்கார்ந்த குழந்தையின் குதிகால் சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கும் விபத்து அடிக்கடி நடப்பது. தோலும் சதையும் கிழிந்து ஆற வெகு நாள் ஆகும். உங்கள் சைக்கிளில் அவனை ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தாலும் வெறும் கேரியரில் உட்கார வைக்காதீர்கள். பாதத்தை வைத்துக் கட்டும் பட்டையும், சக்கரத்தை மறைக்கும் தடுப்பும் உள்ள குழந்தை இருக்கையைப் பொருத்திக்கொள்ளுங்கள்.