இலங்கைக் காசு ஒன்றரை இலட்சத்துக்குள் முதல் எஸ்பிரஸ்ஸோ மெஷினும் கோப்பிக்கொட்டை அரைக்கிற கிரைண்டரும்: எதில் கூடக் காசைப் போடுவது?

கிரைண்டரில் போடுங்கள். பாதிக்காசு கிரைண்டருக்குப் போனாலும் பரவாயில்லை, மெஷினைச் சின்னதாக வாங்குங்கள்.

கேள்வியில் நீங்கள் ஊரைச் சொல்லவில்லை. ஆனால் கொழும்பில் இருக்கிற ஆளாக இருந்தால் நாலு கடை ஏறி இறங்கித் தொட்டுப் பார்த்து வாங்கியிருப்பீர்கள், இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மாதச் சம்பளம், வீட்டில் இரண்டு பேர் கோப்பி குடிப்பீர்கள், ஒருவருக்குப் பால் விட்டுத்தான் வேண்டும், வெளிநாட்டில் ஒரு சொந்தம் இருக்கும், அவர் "நான் அனுப்பிவிடுறன்" என்று சொல்லியும் இருப்பார். நான் திருகோணமலை, உவர்மலைப் பக்கம். என் நிலைமையும் இதேதான், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் கோப்பிக்கடை நடத்துகிறவன் இல்லை, எந்தக் கொம்பனியும் எனக்கு ஒரு சதம் தரவில்லை. "இவ்வளவு காசுக்கு எத்தனை வருசத்துக்குத் தேத்தண்ணி குடிக்கலாம்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு ஒன்று: கேட்டவர் தன் உழைப்பில் வாங்குகிறார். மோட்டார் சைக்கிளுக்கு மேலதிகச் சாமான் பூட்டுகிறவனை ஒருவரும் இப்படிக் கேட்பதில்லை.

ஏன் கிரைண்டர் என்று சொல்கிறேன். எஸ்பிரஸ்ஸோ என்பது 9 பார் அழுத்தத்தில் சுடுதண்ணியை நெருக்கிப் போட்ட தூளுக்குள்ளால் தள்ளுவது. 18 கிராம் தூள் போட்டால் 25 முதல் 30 செக்கனுக்குள் 36 கிராம் கோப்பி இறங்க வேண்டும், இது எல்லோரும் தொடங்குகிற அளவு, பிறகு அவரவர் நாக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். இதில் தண்ணியைத் தடுத்து நிறுத்துவது தூள் மட்டும்தான். தூள் கொஞ்சம் பருமனாக இருந்தால் பத்து செக்கனில் எல்லாம் ஓடிவிடும், கோப்பி புளிக்கும். கூட மாவாகிவிட்டால் சொட்டுச் சொட்டாக வந்து கசக்கும். பருமனும் மாவும் கலந்திருந்தால் புளிப்பும் கசப்பும் ஒரே கோப்பையில் வரும், அதுதான் ஆகக் கொடுமை. பிளேட் சுழன்று வெட்டுகிற மலிவுக் கிரைண்டர்கள் இந்தக் கலப்பைத்தான் தரும். இரண்டு பர், அதாவது பல்லு வெட்டின அரைக்கும் துண்டுகள், நடுவில் நசுக்கி அரைக்கிற கிரைண்டர்தான் வேண்டும், அதிலும் மிகச் சின்ன இடைவெளியில் கூட்டிக் குறைக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

மலிவு மெஷின்களோடு வருகிற பாஸ்கெட்டை, அதுதான் தூள் போடுகிற சின்ன உலோகக் கிண்ணத்தை, திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரே ஒரு ஊசித் துளை இருக்கும். அது இரட்டைச் சுவர் பாஸ்கெட். தூள் எப்படி இருந்தாலும் அந்தத் துளையே அழுத்தத்தை உண்டாக்கி மேலே நுரை கட்டிவிடும். பார்க்க வடிவாக இருக்கும், குடித்தால் ஒன்றும் இருக்காது. அதைக் குடித்துவிட்டுத்தான் கனபேர் "வீட்டு மெஷினில் இவ்வளவுதான் வரும்" என்று முடிவெடுத்து மெஷினைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைக்கிறார்கள். மெஷினில் பெரிய குறை இல்லை. ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டும் சரியான தூளும் கொடுத்தால் அதே மெஷின் நல்ல கோப்பி தரும். பெட்டியில் 15 பார், 20 பார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதையும் பார்க்காதீர்கள். அது பம்ப் தரக்கூடிய உச்ச அழுத்தம். கோப்பிக்கு வேண்டியது 9, அந்த இலக்கம் கூடியதற்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்க வேண்டாம்.

இனி என் கதை. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற தங்கச்சி 2021 இல் "அண்ணா, உங்களுக்கு மெஷினே அனுப்புறன்" என்று நின்றாள். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. அங்கே வாங்கின மெஷினை இங்கே நேராகச் செருகினால் அதோடு சரி. மாற்றியை வைத்து ஓட்டலாம் என்பார்கள், ஆனால் இந்த மெஷின்கள் 1300 வாட் அளவில் இழுப்பவை, அதைத் தாங்குகிற டிரான்ஸ்ஃபோமர் மெஷினை விடப் பாரமாக ஒரு மூலையில் கிடக்கும். அதனால் நான் கேட்டது கையால் சுற்றி அரைக்கிற கிரைண்டர். வோல்ட் பிரச்சினை இல்லை, ஒரு கிலோகூட இல்லை, சூட்கேசில் உடுப்புக்குள் சுற்றி வைத்தால் வந்துவிடும். அவளுக்கு மனம் வரவில்லை. "உதை வைச்சு என்ன செய்யப்போறியள், ஆக்கள் பார்த்தால் அண்ணனுக்கு ஒரு மெஷின் வாங்கிக் குடுக்க ஏலாமப் போச்சு எண்டு நினைப்பினம்" என்றாள். மாமா அதற்கும் மேலே. "அம்மியை விட்டு இப்பதான் மிக்சிக்கு வந்தனாங்கள், நீ காசு குடுத்துத் திருப்பிக் கையால அரைக்கப் போறியோ" என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் மாறவில்லை. எனக்குத் தெரிந்துதான் கேட்டேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் கேட்பேன்.

அடுத்த வருசம் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைப் பிடித்து வைக்காமல் சந்தைக்கு விட்டுவிட்டார்கள், 200 இல் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 350 ஐத் தாண்டியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. காஸ் சிலிண்டருக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பின்வளவுக் கரியடுப்பில் மொக்கா பொட்டை, அதுதான் அடுப்பில் வைத்து ஆவியின் அழுத்தத்தில் கோப்பி இறக்குகிற கேத்தில் மாதிரிச் சாமானை, வைத்து, இந்தக் கைக்கிரைண்டரில் அரைத்த தூளில்தான் கோப்பி போட்டோம். மொக்கா பொட்டில் அழுத்தம் ஒன்று, இரண்டு பார்தான், அது எஸ்பிரஸ்ஸோ இல்லை என்று எனக்கும் தெரியும், அதைத் திருத்த யாரும் வர வேண்டாம். ஆனால் கறுப்பாக, தடிப்பாக, வாசமாக இருந்தது. மாமாவும் குடித்தார். பிறகு அம்மிக் கதையை எடுக்கவில்லை.

மெஷினை இறக்குமதிகள் திரும்பத் தொடங்கிய பிறகுதான் கொழும்பில் வாங்கினேன். 51 மில்லிமீட்டர் பாஸ்கெட் உள்ள சின்ன மெஷின், பெயர் வேண்டாம், ஏனென்றால் இனிச் சொல்லப் போவது முறைப்பாடு. உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே பம்ப் நின்றுவிட்டது. விற்ற கொம்பனியை அழைத்தால் முதலில் சிங்களம், பிறகு ஆங்கிலம், தமிழுக்கு ஓர் இலக்கமும் இல்லை. என் மனைவிக்கு இரண்டு மொழியும் சரளம் இல்லை, அவ கதைக்க முயன்றபோது மறுபக்கம் சிரித்த சத்தம் எனக்கும் கேட்டது. உத்தரவாத அட்டையிலும் தமிழ் ஒரு வரி இல்லை. 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆனது. அரசாங்கக் கந்தோர்களிலேயே அது பாதிதான் நடக்கிறது, தனியாரிடம் சட்டம் பேச முடியாது என்று சொல்வார்கள். சட்டத்தை விடுங்கள், காசை எங்களிடமும்தானே வாங்குகிறீர்கள். வட கிழக்கில் எத்தனை வீட்டில் உங்கள் சாமான் இருக்கிறது, ஒரு தமிழ்ப் பிள்ளையைத் தொலைபேசியில் உட்கார வைக்க என்ன செலவாகும்? கோப்பி மெஷின் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. இதே கதைதான் குளிர்சாதனப் பெட்டிக்கும், வயதானவர்கள் காதில் போடுகிற கருவிக்கும். கேள்விக்கு வெளியே போய்விட்டேன், தெரியும், ஆனாலும் இதை எங்கேயாவது எழுதத்தான் வேண்டும்.

முடிவில் கொழும்புக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். 260 கிலோமீட்டர், ஒரு நாள் லீவு. நான் கொண்டுபோகவில்லை. ஃபிரிட்ஜ் திருத்துகிற எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் கழற்றிப் பார்த்து, இது பல மெஷின்களிலும் பொதுவாக இருக்கிற அதிர்வுப் பம்ப்தான் அண்ணை என்று வேறு ஒன்று எடுப்பித்துப் போட்டுத் தந்தார். இன்றுவரை ஓடுகிறது. இதனால்தான் உங்களுக்கும் சொல்கிறேன், உள்ளே கனக்க இலத்திரனியல் இல்லாத, எளிய மெஷினை வாங்குங்கள். கிரைண்டரும் சேர்ந்தே வருகிற மெஷின்களை நான் வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். ஒன்று பழுதானால் இரண்டும் கொழும்புக்குப் பயணம் போகும்.

பெயர் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கைக்கிரைண்டரில் கிங்கிரைண்டர் கே6 நல்ல தெரிவு, ஒரு கிளிக்குக்கு, அதாவது அளவை ஒரு படி மாற்றினால், 16 மைக்ரோன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 16 பங்கு), எஸ்பிரஸ்ஸோவுக்குப் போதும். இன்னும் நுணுக்கம் வேண்டும், காசும் இடம் கொடுக்கும் என்றால் 1செட்பிரஸ்ஸோவின் ஜே வகைகள். டைம்மோர் சி2 மலிவு, ஆனால் ஒரு கிளிக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இடைவெளி பெரிது, எஸ்பிரஸ்ஸோவுக்குச் சரிவராது. 18 கிராம் அரைக்க ஒரு நிமிசம் அளவில் கை வலிக்கச் சுற்ற வேண்டும், உங்கள் வீட்டில் காலையில் ஐந்தாறு கோப்பி என்றால் மட்டும் மின்கிரைண்டரைப் பாருங்கள். மெஷினில் டெலோங்கி டெடிகா போன்ற ஒன்று போதும், கெதியாகச் சூடாகும், 51 மில்லிமீட்டர் ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டைத் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். காஜியா கிளாசிக் இதைவிட நல்லது, கோப்பிக்கடை மெஷின்களில் இருக்கிற 58 மில்லிமீட்டர் பாஸ்கெட் அளவு, உதிரிப்பாகம் கிடைக்கும், தலைமுறைக்கும் திருத்தித் திருத்திப் பாவிக்கலாம், ஆனால் உங்கள் கணக்குக்குள் கிரைண்டரோடு சேர்த்து அது வராது. யாராவது லண்டனிலிருந்து வருகிறார்கள் என்றால் மெஷினையும் தயங்காமல் கேளுங்கள், அங்கேயும் 230 வோல்ட், பிளக்கும் இங்கே இப்போது வருகிற சதுர முள் பிளக்தான். பால் வேண்டாம், கறுப்பு மட்டும் என்றால் ஃபிளேர் என்கிற கையால் அமுக்கும் கருவி இருக்கிறது, கரண்டே தேவையில்லை.

கிரைண்டருக்குள் வீட்டு மல்லிக் கோப்பிச் சாமானை, அதுதான் மல்லி, வேர்க்கொம்பு எல்லாம் சேர்த்து வறுத்ததை, ஒருநாளும் போடாதீர்கள். எனக்கும் அந்தக் கோப்பி பிடிக்கும், மழைக்கு அதைவிட ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாசம் பர்ரை விட்டுப் போகாது. கொட்டை வாங்கும்போது வறுத்த திகதி போட்டிருக்கிற பொதியாகப் பார்த்து வாங்குங்கள், வறுத்து ஒரு மாதத்துக்குள் முடிப்பது நல்லது. சுப்பர் மார்க்கெட் தட்டில் வருசக்கணக்காக இருந்த வெளிநாட்டுப் பொதி வேண்டாம். 1869 இல் வந்த இலைத்துரு நோய் இந்த நாட்டுக் கோப்பியை அழித்துத் தேயிலைக்கு இடம் விட்டது உண்மை, ஆனால் இப்போது மலைநாட்டில் சின்னத் தோட்டக்காரர்கள் அராபிக்கா என்கிற நல்ல கோப்பி இனம் செய்கிறார்கள், அது வறுத்த கையோடு தபாலில் வரும். முதலில் கொஞ்சம் கறுக்க வறுத்ததை வாங்குங்கள், சின்ன மெஷினுக்கு அது இலகு. எங்கள் பக்கம் மாரிக்குக் காற்றே ஈரம், போத்தலை நன்றாக இறுக்கி மூடுங்கள், அப்படியும் கோப்பி இறங்குகிற வேகம் மாறினால் ஒன்றிரண்டு கிளிக் மாற்றிப் பாருங்கள்.

தண்ணி. கடற்கரைப் பக்கக் கிணறு என்றால் கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதா பாருங்கள். படிந்தால் அதே படிவு மெஷினின் குழாய்க்குள்ளும் சேரும், அடைத்தால் பம்புக்குக் கேடு. வடிகட்டிய தண்ணியை விடுங்கள், இடைக்கிடை சித்திரிக் அமிலம் கரைத்து ஓட்டிக் கழுவுங்கள்.

பாலைச் சூடாக்கி நுரைக்க ஸ்டீம், அதாவது ஆவி, சக்தி கூடிய பெரிய மெஷின் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கொழுப்பு எடுக்காத பசும்பாலைக் குளிராக எடுத்து, 60, 65 பாகையில் நிறுத்தினால், ஒரு கோப்பை, இரண்டு கோப்பைக்குச் சின்ன மெஷினின் ஆவிக் குழாயே போதும். அடித்து முடிந்த உடனே ஈரத் துணியால் துடைத்து ஒருதரம் ஆவியைத் திறந்து விடுங்கள், பால் காய்ந்தால் குழாய் அடைத்துவிடும்.