மத்தி வேட்டை பார்க்க டைவிங் தெரிய வேண்டுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டால்ஃபின்கள் மத்திக் கூட்டத்தை வேட்டையாடுவதைப் பார்க்க ஆசை. எனக்கு ஸ்நார்கெல் (மூச்சுக்குழாய் வைத்து நீர்மட்டத்தில் நீந்துவது) மட்டும்தான் தெரியும். போகலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: தாராளமாகப் போகலாம். வேட்டை பெரும்பாலும் மேல்மட்டத்தில்தான். டால்ஃபின்கள் மத்திகளை ஆழத்திலிருந்து விரட்டி உருண்டையாகச் சுருட்டிவிடும், அப்புறம் மேலிருந்து கேனட் பறவைகள் சிறகை மடக்கி அம்பு மாதிரி விழும், கீழிருந்து சுறாக்கள் வரும். பல சமயம் 10, 20 நிமிடத்தில் எல்லாம் முடிந்து, செதில்கள் மட்டும் ஜிகினாத் தூள் போல மினுங்கியபடி இறங்கும். அதைப் பார்க்கவே போகலாம்! ஜூன், ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரை ஊரான போர்ட் செயின்ட் ஜான்ஸ் பக்கம் போங்கள். ஒரு வாரமாவது ஒதுக்குங்கள், மத்தி குளிர்ந்த நீரோடு வருவதால் எப்போது வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, நாள் முழுக்கப் படகில் காத்திருந்து வெறுமனே திரும்புவதும் சகஜம். உருண்டைக்குள் மட்டும் நீந்தாதீர்கள், ஓரமாகவே இருங்கள்.