குளிர் நாட்டில் வாழை: கேள்வி பதில்

வீட்டுக்குள் தொட்டியிலும் உறைபனி விழும் தோட்டத்திலும் வாழை வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. வெப்ப அளவெல்லாம் செல்சியஸ். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் தண்டு என்று பார்ப்பது ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட இலை மட்டைகள்தான். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. இலை கருகினாலும் மட்டை சரிந்தாலும், கிழங்கு கெட்டியாக இருந்தால் வாழை பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஐயா, முதன்முறையாக வாங்கப்போகிறேன். வீட்டுக்குள் வைக்க எந்த ரகம்? கடைகளில் ஏழெட்டுப் பெயர் சொல்கிறார்கள்.

பழ ஆசை இருந்தால் குட்டை கேவண்டிஷ். நிலத்தில் இரண்டு மீட்டர் போகும், தொட்டியில் ஒன்றரை மீட்டருக்கு அருகில் நிற்கும். கூரை தாழ்வு என்றால் மீக்குட்டை கேவண்டிஷ், ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலேயே அடங்கிவிடும். இந்த இனத்தின் பெயரே கண்ணாடி வீட்டில் பிறந்ததுதான். இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் வெப்பமூட்டிய கண்ணாடி வீட்டில் வளர்த்த வாழை 1835-இல் பூத்தது. மாளிகைக்குரிய டெவன்ஷயர் பிரபு வில்லியம் கேவண்டிஷின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

பழம் வேண்டாம், பெரிய சிவப்பு இலை வேண்டும் என்றால் என்செட்டே இனத்தின் ‘மௌரெலி’. ஆனால் அது பக்கக்கன்று விடாது. கிழங்கு அழுகினால் அதோடு முடிந்தது. வெளியில் மண்ணில் வைத்து உறைபனியைத் தாண்ட வேண்டுமென்றால் மூசா பாஸ்ஜூ. அதன் காய் முழுக்க விதை, சாப்பிட உதவாது. பாஸ்ஜூவை வீட்டுக்குள் வைக்க நான் பரிந்துரைப்பதில்லை. சீக்கிரம் கூரையை முட்டும், வறண்ட சூட்டில் செஞ்சிலந்தி என்னும் நுண்பூச்சி பிடிக்கும்.

வாங்கும்போது திசு வளர்ப்புக் கன்றா, அதாவது ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்ததா என்று கேளுங்கள். நோயும் வேரைத் தாக்கும் நூற்புழுவும் இல்லாமல் வரும். முதல் மூன்று மாதம் மட்டும் அது மெல்லிய குழந்தை, நேர் வெயிலில் வைக்காதீர்கள்.

கேள்வி: எவ்வளவு பெரிய தொட்டி, என்ன மண்? கன்று இப்போது ஒரு சாண் உயரம்.

நேராக 40 லிட்டர் தொட்டிக்குப் போகாதீர்கள். சின்ன வேரைச் சுற்றிப் பெரிய ஈர மண் இருந்தால் வேர் குடிக்காத நீர் அப்படியே நிற்கும், அங்கிருந்து அழுகல் ஆரம்பிக்கும். 15 செ.மீ. தொட்டி, பிறகு 25, பிறகு 30–40 லிட்டர். அடித்துளை வழியே வேர் எட்டிப் பார்க்கும்போதுதான் மாற்ற வேண்டும்.

கலவை: தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கனிமத் துகள்) ஒரு பங்கு. நார்க்கழிவை முதலில் நன்றாக நீரில் அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும். தோட்டத்து மண்ணைத் தொட்டியில் போடாதீர்கள், இறுகிவிடும். அமில காரத் தன்மை (pH) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் போதும். 40 லிட்டர் தொட்டி நனைந்தால் ஒருவர் தூக்க முடியாது, ஆகவே சக்கரப் பலகையை முதலிலேயே அடியில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: கோடையில் வாரம் ஓர் இலை விட்ட செடி, குளிர்காலத்தில் நின்றுபோனது. தண்ணீர் குறைவோ என்று கூடுதலாக ஊற்றினேன். இப்போது குருத்து பழுப்பாகிவிட்டது, லேசாக இழுத்தால் கையோடு வருகிறது. கெட்ட வாடையும் அடிக்கிறது. என்ன செய்வது?

இது கிழங்கழுகல். வீட்டு வாழை சாவதற்கு முதல் காரணம் இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வாழைக்கு 27 டிகிரி அருகில் வளர்ச்சி உச்சம். 14-க்குக் கீழே இலை விடுவது நின்றுவிடும். அறைக்காற்று 20 இருக்கலாம், ஆனால் சன்னலோரத் தரையில் கல் மேல் இருக்கும் தொட்டியின் மண் 13-இல் இருக்கும். வேர் தூங்கும் மண்ணில் நீர் ஊற்றினால் குடிக்க ஆளில்லை. காற்றுப் புகாத குளிர்ந்த சேற்றில் பாக்டீரியா கிழங்கைத் தின்னும். உங்கள் செடி நின்றது குளிராலும் வெளிச்சக் குறைவாலும்.

காப்பாற்றும் வழி: செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து மண்ணை உதறுங்கள். கொழகொழத்த வேர்களை வெட்டி எறியுங்கள். மட்டைகளாலான பொய்த்தண்டைக் கூர்மையான கத்தியால் மேலிருந்து இரண்டு விரல் அளவாக வெட்டிக்கொண்டே கீழே வாருங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை எரிசாராயத்தில் துடைத்து. வெட்டுமுகம் வெள்ளையாக, கெட்டியாக, வாடை இல்லாமல் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். கிழங்கின் நடுவே பழுப்பு ஓடியிருந்தால் மையக்குருத்து போய்விட்டது. ஆனாலும் ஓரத்தில் கெட்டியான பகுதி இருந்தால் அங்குள்ள கண் முளைக்கலாம். வெட்டுமுகத்தை ஒரு நாள் காற்றில் உலரவிடுங்கள். பிறகு கிழங்கு மட்டும் அடங்கும் சிறு தொட்டியில், கையால் பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் நார்க்கழிவும் பெர்லைட்டும் சமமாகக் கலந்து வையுங்கள். அடியில் நாற்றுக்கான சூட்டு விரிப்பு, 25–27 டிகிரி. முளை தெரியும் வரை மேலே நீர் ஊற்றக் கூடாது. மூன்றிலிருந்து ஆறு வாரம் பொறுங்கள்.

அவரே மீண்டும்: அப்படியானால் குளிர்காலத்தில் எப்போதுதான் தண்ணீர் ஊற்றுவது?

நாள் கணக்கு வைக்காதீர்கள். கோடையில் மேல்மண் 3 செ.மீ. காய்ந்ததும் அடித்துளையில் வழியும் வரை. நல்ல வெயிலில் நிற்கும் பெரிய செடி நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர்கூடக் குடிக்கும். குளிர்காலத்தில் மண் பாதி ஆழம் வரை காய வேண்டும். ஒரு மூங்கில் குச்சியை அடிவரை குத்தி எடுத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் ஈரம் ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். நீர் வெதுவெதுப்பாக, 20–25 டிகிரி இருக்கட்டும். தட்டில் தேங்கியதை உடனே கொட்டுங்கள். தொட்டிக்கு அடியில் மரப்பலகையோ தக்கையோ வையுங்கள். இலை நுனி சன்னல் கண்ணாடியைத் தொடக் கூடாது, தொட்ட இடம் கறுத்துப்போகும்.

கேள்வி: சன்னல் வெளிச்சம் போதுமா, விளக்கு வேண்டுமா?

நண்பகல் வெயில் நேராக விழும் சன்னல் என்றால் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை போதும். பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கும் மாதங்களில் போதாது. செடி ஒல்லியாக நீண்டு இலைக்காம்பு தொங்கும். ஒரு சதுர மீட்டருக்கு 100 வாட் அளவிலான எல்இடி வளர்விளக்கு, மேல் இலையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில், நாளுக்கு 12–14 மணி நேரம். குருத்து மேலே ஏறும், வாரம் ஒருமுறை விளக்கை உயர்த்துங்கள்.

விளக்கு இல்லையென்றால் செடியைச் சூடான அறையில் வைப்பதைவிட 15–16 டிகிரி அறையில் வைப்பது நல்லது. வெளிச்சம் குறைவாகவும் சூடு அதிகமாகவும் இருந்தால், கிழங்கில் சேர்த்த மாவைச் செலவழித்துப் பலவீனமான இலைகளாக விட்டுத் தள்ளும்.

கேள்வி: இலை ஓரம் முழுக்கப் பழுப்பு. ஈரப்பதமூட்டி வைத்தும் நிற்கவில்லை.

எந்த இலை என்று பாருங்கள். எல்லா இலையிலும் மெல்லிய பழுப்புக் கோடு என்றால் வறண்ட காற்று, அல்லது உரத்தால் மண்ணில் சேர்ந்த உப்பு. மண்மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்புதான். தொட்டிக் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு நீரை மெதுவாக ஊற்றி வழியவிடுங்கள். இதைக் கோடையில் செய்யுங்கள்.

கீழிலைகள் மட்டும் நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி உட்பக்கம் சுருண்டால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவு. நடுநரம்பருகே பச்சை நின்று, அதற்கும் ஓரத்துக்கும் இடையே மஞ்சளானால் மக்னீசியக் குறைவு. நான்கு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு கரைத்து இலையில் தெளியுங்கள். வாழை சாம்பல்சத்தை விழுங்கும் பயிர், எனவே தழைச்சத்தை (நைட்ரஜன்) போல் இரு மடங்கு சாம்பல்சத்து உள்ள திரவ உரம் வாங்குங்கள். தக்காளிக்கு என்று விற்பவை பெரும்பாலும் பொருந்தும். புட்டியில் சொல்லும் அளவில் பாதி, வளரும் மாதங்களில் வாரம் ஒருமுறை. புது இலை விடுவது நின்ற நாளிலிருந்து உரமும் நிற்க வேண்டும்.

கேள்வி: காலையில் இலை நுனியில் நீர்த்துளி. நோயா?

இல்லை. இரவில் வேர் இழுத்த கூடுதல் நீரை இலை வெளியேற்றுகிறது. நலமான வேரின் அடையாளம். குளிர்காலத்தில் தினமும் சொட்டினால் மட்டும் நீரைக் குறையுங்கள்.

கேள்வி: இலையின் அடியில் மெல்லிய வலை, மேலே ஊசிமுனைப் புள்ளிகள்.

செஞ்சிலந்தி. சூடாக்கியின் வறண்ட காற்றில் ஒரு வாரத்திலேயே பெருகிவிடும். குளியலறையில் வைத்து இலையின் அடிப்பக்கத்தை நீரடித்துக் கழுவுங்கள், மண்ணைப் பாலித்தீன் பையால் மூடிவிட்டு. பிறகு பூச்சி நீக்கும் சோப்புக் கரைசலால் இலையின் இருபுறமும் துடைக்க வேண்டும். முட்டைக்கு அது படாது, ஆகவே ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறையாவது திரும்பச் செய்யுங்கள். பலரும் ஒருமுறை செய்து விட்டுவிடுகிறார்கள், பத்தாம் நாள் மீண்டும் வலை. மட்டை இடுக்கில் பஞ்சு போலத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. காய்ந்த மட்டையை உரித்து, எரிசாராயம் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் பாஸ்ஜூ, உயரம் இரண்டு மீட்டர். குளிர்காலத்தில் மைனஸ் 10 வரை போகும். வெட்டிவிடவா, சுற்றிக் கட்டவா?

கிழங்கு மட்டும் பிழைத்தால் போதுமென்றால் வெட்டலாம். முதல் உறைபனியில் இலை கருகியதும், தரையிலிருந்து 30 செ.மீ. விட்டு அறுத்து, சுற்றிலும் ஒரு மீட்டர் அகலத்துக்குக் காய்ந்த இலையோ வைக்கோலோ 30 செ.மீ. தடிமனில் மூடாக்குப் போடுங்கள். வசந்தத்தில் அடியிலிருந்து முளைக்கும், ஆனால் உயரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து.

உயரம் வேண்டுமென்றால் தண்டைக் காக்க வேண்டும். அது மைனஸ் 3, 4 டிகிரியிலேயே கெட ஆரம்பிக்கும். இலைகளை மட்டும் அறுத்துவிட்டு, தண்டிலிருந்து எல்லாப் பக்கமும் 25–30 செ.மீ. இடைவெளி விட்டுக் கம்பிவலைக் கூண்டு வட்டமாக நிறுத்துங்கள். உள்ளே உலர்ந்த வைக்கோலை நிரப்புங்கள், மிதித்து அமுக்காதீர்கள், குளிரைத் தடுப்பது நடுவில் நிற்கும் காற்றுதான். மேலே மழை இறங்காத மூடி கட்டாயம். பக்கத்தில் பாலித்தீன் சுற்றாதீர்கள், உள்ளே வியர்த்து அழுகும். காற்று ஊடுருவும் நெய்யாத தோட்டத் துணி போதும். குளிரைவிட நனைந்த வைக்கோலில் கெட்ட வாழைகளே அதிகம்.

கடும் உறைபனிக்காலம் முடிந்ததும் மேல்மூடியையும், பிறகு இரண்டு வாரத்தில் வைக்கோலையும் படிப்படியாக எடுங்கள். தண்டின் உச்சி கொழகொழத்திருந்தால் கெட்டியான இடம் வரை சீவுங்கள், நடுவிலிருந்து குருத்து ஏறும்.

கேள்வி: வெட்டினாலும் முளைக்கிறதே, பிறகு ஏன் எங்கள் வாழை பூப்பதே இல்லை?

வளர்முனை பூக்கும் காலம் வரை மண்மட்டத்தில், கிழங்கின் தலையில்தான் இருக்கும். அதனால்தான் தண்டை வெட்டினாலும் மீண்டும் குருத்து வருகிறது. ஒரு வாழை பெரும்பாலும் 30–40 இலை விட்ட பிறகே பூ உருவாகி தண்டுக்குள் ஏறும். ஆண்டுதோறும் வெட்டினால், குறுகிய கோடையில் அந்த எண்ணிக்கையை எட்டுவதற்குள் குளிர் வந்துவிடும். அதனால் இரண்டு கோடைக்காவது தண்டு உயிரோடு இருக்க வேண்டும். பூ உள்ளே ஏறிய தண்டை அறியாமல் வெட்டினால் அந்தப் பூ போயிற்று.

கேள்வி: வீட்டுக்குள் பழம் சாத்தியமா? ஒருமுறை பூ வந்தும் மொட்டு பாதியிலேயே தண்டுக்குள் சிக்கிக்கொண்டது.

சாத்தியம். ஐஸ்லாந்திலேயே புவிவெப்பத்தால் சூடாக்கிய கண்ணாடி வீடுகளில் வாழை காய்க்கிறது. ஆனால் வீட்டுச் சன்னலில் அரிது, விளக்கும் சூடும் தொடர்ந்து வேண்டும். மொட்டு சிக்குவது குளிர்ச்சியால் வருவது. பூ ஏறும் வாரங்களில் குளிர் பட்டால் பூக்காம்பு நீளாது, குலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சிக்கியதைக் கீறி எடுக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் குலையையே கெடுத்துவிடுகிறார்கள். கடைசியாக வரும் இலை மற்றவற்றைவிடக் குட்டையாக நிமிர்ந்து வந்தால் பூ நெருங்கிவிட்டது என்று பொருள். அன்றிலிருந்து இரவிலும் 20-க்குக் கீழே விடாதீர்கள். அப்போது எட்டு நல்ல இலையாவது இருக்க வேண்டும், குலையை ஊட்டுவது அவைதான். பூத்ததிலிருந்து பழுக்க நான்கிலிருந்து ஆறு மாதம். காய்த்த தண்டு மறுபடி காய்க்காது, பக்கக்கன்று ஒன்றை மட்டும் வளரவிடுங்கள்.

கேள்வி: அந்தக் கன்றை எப்போது பிரிக்கலாம்?

30–40 செ.மீ. உயரம் வந்த பிறகு, வசந்தத்தில். இலை ஈட்டி போலக் குறுகலாக இருக்கும் கன்றே நல்லது. அகல இலையோடு வரும் சிறு நீர்க்கன்றின் கிழங்கு சிறியது, அதை நீக்கிவிடுங்கள். பக்க மண்ணை விலக்கி, தாய்க்கிழங்கோடு ஒட்டும் கழுத்தில் ஒரே வெட்டு. கன்றோடு கிழங்குத் துண்டும் நாலைந்து வேரும் வர வேண்டும். வேரே இல்லாமல் வந்தால் இலையைப் பாதியாகக் கத்தரித்து நிழலில் வையுங்கள்.

கேள்வி: எனக்கு இடமே இல்லை. இருட்டான நிலவறை மட்டும் உண்டு, 8 டிகிரி.

அதுவே போதும். இலையெல்லாம் அறுத்து, செடியை மண்ணோடு பெயர்த்து, மண்ணை உதறி, மூன்று நான்கு நாள் தலைகீழாகச் சாய்த்து வையுங்கள், மட்டைகளுக்குள் நின்ற நீர் வடியட்டும். இந்தப் படியை விட்டவர்களின் செடிகள்தான் நடுவிலிருந்து அழுகுகின்றன. பிறகு கிழங்கைச் செய்தித்தாளில் சுற்றி, காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சுருங்கினால் தாளில் லேசாக நீர் தெளியுங்கள், மெத்தென்று ஆனால் அந்த இடத்தைச் சீவுங்கள்.

கேள்வி: இணையத்தில் நீல நிற வாழை விதை பார்த்தேன். வாங்கலாமா?

வேண்டாம். வாழை விதை கறுப்பாக அல்லது அடர்பழுப்பாக, கல் போல இருக்கும். கேவண்டிஷ் போன்ற பழ வாழைகளுக்கு விதையே கிடையாது. விதையிலிருந்து வளர்க்க விரும்பினால் மூசா வெலுட்டினா எடுங்கள், இளஞ்சிவப்புக் காய் விடும் சிறு இனம். இரண்டு நாள் வெதுநீரில் ஊறவைத்து, ஒரு செ.மீ. ஆழத்தில் விதைத்து, பகலில் 30-க்கு மேலும் இரவில் 20-க்கு அருகிலும் வெப்பம் மாறும்படி வையுங்கள். ஒரே வெப்பத்தில் வைத்தால் பல விதை தூங்கிக்கொண்டே இருக்கும். முளைக்க மூன்று வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம், தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

கேள்வி: வசந்தத்தில் வெளியே வைத்த அன்றே இலை வெள்ளையாகிவிட்டது.

வெயில் சுட்டது. வீட்டு வெளிச்சத்தில் விரிந்த இலை திறந்த வெயிலுக்குத் தயாராக இருக்காது. வெளுத்த இடம் பச்சையாகாது, ஆனாலும் இலையை அறுக்காதீர்கள், மிச்சப் பச்சை வேலை செய்யும். இரவு 12-க்குக் கீழே போகாத நாள் பார்த்து, முதல் நான்கு நாள் முழு நிழல், அடுத்த நான்கு நாள் காலை வெயில் மட்டும், பிறகு முழு வெயில். வெளியில் விரியும் புது இலை தாங்கிக்கொள்ளும். காற்றில் இலை கிழிவதற்குக் கவலை வேண்டாம், கிழிந்த இலையும் செடிக்கு உணவு தயாரிக்கும்.