பாய் விரிப்பவருக்கும் வரம் உண்டா?

காரைக்குடிப் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பிரசங்கிப்பவர், ஆவியின் ஏவுதலால் அன்னிய பாஷை பேசுபவர், பாடுபவர் ஆகியோருக்கே மரியாதை, சபை கூடப் பாய் விரிப்பவருக்கு வரமே, அதாவது ஆவியானவர் ஊழியத்துக்குத் தரும் திறனே, இல்லையா?

உண்டு. கிரேக்க நகரமான கொரிந்துவின் ஆதிச் சபையிலும் இதே சண்டைதான். அப்போஸ்தலன் பவுல் கி.பி. 55 வாக்கில் அவர்களுக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 12ஆம் அதிகாரத்தில், கண் கையைப் பார்த்து 'நீ வேண்டாம்' என்று சொல்ல முடியாது என்கிறார். 28ஆம் வசனத்தின் பட்டியலைப் பாருங்கள். குணமாக்கும் வரங்களை அடுத்து உதவி செய்யும் ஊழியங்கள். பல பாஷைகள் கடைசியில். இந்த வரிசையை நம் மேடைகளில் யாரும் நிறுத்தி வாசிப்பதில்லை!

செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பளபளப்பு மேற்பூச்சு மட்டுமல்ல. அடியில் பல பூச்சுகள் இருக்கின்றன. அவற்றை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் அவை உதிர்ந்தால் மேற்பூச்சும் நிற்காது. எங்கள் சபையில் ஒரு வயதான அம்மா மைக்கைத் தொட்டதே இல்லை. யாராவது இரண்டு ஞாயிறு வரவில்லையென்றால், கஞ்சித் தூக்குடன் அவர்கள் வீட்டு வாசலில் நிற்பார். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபமும் (12:8) இரக்கம் செய்வதையும் வரங்களோடுதான் சேர்க்கிறது.

அதற்காகப் பிரசங்கியாரை மட்டம் தட்ட வேண்டாம். அதுவும் அதே நோய்தான். ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில், பாய் விரிப்பவர் செய்ததைப் பெயர் சொல்லி நன்றியோடு குறிப்பிடுங்கள். பொதுவாக 'உழைத்த அனைவருக்கும்' என்று முடித்தால் ஒருவருக்கும் போய்ச் சேராது. சபைக் குழு கூடும்போது அவரையும் உட்கார வையுங்கள். எந்த வீட்டில் யார் வருந்துகிறார்கள் என்பது பெரும்பாலும் அவருக்குத்தான் முதலில் தெரியும்.